இளங்கோயில் எழுப்பாத திருப்பணி

இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் சர்வரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நாம் வாசிக்கும் நூல்களைப் பற்றி ஓயாமல் விவாதிக்கிறோம். மூலபாடம் எது, இடைச்செருகல் எது, எந்தப் பதிப்பில் எந்த அடி விடுபட்டது என்றெல்லாம் மணிக்கணக்கில் வாதாடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணும், கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகையின் கணக்கும், நேற்று எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவும் எந்தப் பிரதியின்மேல் நிற்கின்றன என்று ஒருநாளும் கேட்பதில்லை. அதுவும் எழுத்துதான். அதையும் படியெடுக்கிறார்கள், திருத்துகிறார்கள். சில வேளைகளில் படியெடுக்கும்போதே அது அழிந்தும் போகிறது.

திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 365 படிகள் ஏறினால் முருகன். படிதோறும் பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் டிசம்பர் 31-ஆம் நாள் படித்திருவிழாவும், காவடிகள் மலையை மூடும் ஆடிக் கிருத்திகையும்தான் வெளியூர்க்காரர் அறிந்த திருத்தணி. 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர். கடைத்தெருவில் இன்றும் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கும். படிகளுக்குக் கீழே உள்ள அந்த ஊரில் பள்ளிகள், நகைக்கடைகள், சிறு மருத்துவமனைகள், தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் கடைகள், தங்கும் விடுதிகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பலவற்றில் சர்வர் என்ற பெயரில் ஒரு பெட்டி, மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில், மேலே பழைய நாட்காட்டிகள் அடுக்கப்பட்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். பெருநகர நிறுவனம் ஒன்று தேவை முடிந்து கழித்துவிட்டதைப் பாதி விலைக்கு வாங்கி வந்திருப்பார்கள். அதைக் கவனிக்க என்று ஓர் ஆள் கிடையாது. கணக்கு எழுதுபவரே அதற்கும் பொறுப்பு. திருத்தணி என்றில்லை, நம் தாலுகா ஊர்கள் எல்லாவற்றிலும் இதுதான் காட்சி. நம் கவலை இந்தப் பெட்டிகளைப் பற்றியது.

வன்பொருள் தெரியும், மென்பொருள் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர், தமிழில் நிலைபொருள் என்று எழுதுகிறார்கள். 1967-இல் ஆஷர் ஆப்லர் என்பவர் ஒரு கணினி இதழில் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியபோது, மென்மைக்கும் வன்மைக்கும் இடைப்பட்டது என்ற பொருளில்தான் சொன்னார். மின்சாரம் பாய்ந்த அந்த நொடியில் பெட்டிக்குத் தன்னைத் தானே யார் என்று சொல்லும் சிறு நிரல் அது. உனக்கு இத்தனை நினைவகம் இருக்கிறது, வட்டு இங்கே இருக்கிறது, விசிறி இந்த வேகத்தில் சுழல வேண்டும், இனி இயங்குதளத்தை எழுப்பு என்று அது சொன்னால்தான் மற்றதெல்லாம் நடக்கும். தாய்ப்பலகையில் ஒன்று, வட்டில் ஒன்று, வலையட்டையில் ஒன்று, தூரத்திலிருந்து சர்வரை மேய்க்கும் தனிச் சில்லில் ஒன்று என ஒரே பெட்டிக்குள் இப்படிப் பல இருக்கும். நிலைபொருள் என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது. ஒருகாலத்தில் அது சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்டது, மாற்ற முடியாதது. இப்போது அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லில் இருக்கிறது. அழித்து எழுதலாம் என்றால் அழித்துவிட்டு எழுதாமலும் போகலாம். சிக்கல் முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

வழக்கமான மென்பொருள் கெட்டால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். நிலைபொருள் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால், மீண்டும் நிறுவ வேண்டிய பெட்டியே கண் விழிக்காது. எழுப்புகிறவன் உறங்கிவிட்டால் அவனை எழுப்புவது யார்? ஆங்கிலேயர்கள் இதைச் செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். நம் கடைக்காரர்கள் இன்னும் சுருக்கமாக, போர்டு டெட் சார் என்பார்கள். சென்னை தவிர்த்த தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் கிடந்த 2012-ஐ அனுபவித்தவர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

அச்சத்திலிருந்து ஒரு தத்துவம் பிறந்திருக்கிறது. ஓடுகிற மாட்டை ஏன் தொடுகிறாய், நன்றாகத்தானே இருக்கிறது, கையை வைக்காதே என்கிற தத்துவம். சிற்றூர்களின் சர்வர்கள் பெரும்பாலும் இதை நம்பியே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. பொறுப்பான எச்சரிக்கை போலவே தோன்றும் இது எவ்வளவு பொய் என்பதற்கு 2019 நவம்பரில் ஒரு சான்று கிடைத்தது. ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களுக்கு விற்ற சில திடநிலை வட்டுகள் குறித்து ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அவற்றின் நிலைபொருளில் ஒரு பிழை. வட்டு ஓடத் தொடங்கி 32,768 மணி நேரம் நிறைந்ததும் அது நின்றுவிடும். அதாவது மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். நின்றபின் தகவலும் திரும்பாது, வட்டும் திரும்பாது. 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. மணி நேரத்தை எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் அந்த எண்ணோடு போதாமல் போகிறது, அவ்வளவுதான் காரணம். இதில் கொடுமை வேறொன்று. ஒரு வட்டு போனாலும் இன்னொன்று காக்கும் என்று வட்டுகளைக் கூட்டாகச் சேர்த்து வைப்பதே சர்வர்களின் வழக்கம். ஆனால் கூட்டிலுள்ள வட்டுகள் எல்லாம் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டியவை. எனவே ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே மணியில், எல்லாம் சேர்ந்து போகும். தப்பிக்க ஒரே வழி, அதற்கு முன்பாக நிலைபொருளைப் புதுப்பித்துவிடுவது. அடுத்த மார்ச்சில், 2020-இல், 40,000 மணி நேரத்தில் நிற்கும் வேறு சில வட்டுகளைப் பற்றி அதே நிறுவனம் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. கையை வைக்காமல் பத்திரமாக இருந்தவர்தான் இங்கே எல்லாவற்றையும் இழப்பவர்.

தொடாமல் விட்டதன் விலையை நம் வீடுகளும் 2017-இல் கொடுத்தன. அந்த ஜூலைக் கடைசியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. 60,000 வரை என்று அப்போது செய்தி வந்தது. பிரிக்கர்பாட் என்ற நச்சுநிரலைப் பரப்பியவர் இதைத் தாமே செய்ததாகச் சொல்லிக்கொண்டார். பூட்டாத கருவிகளை உலகம் இணையத்தில் விட்டுவைத்திருக்கிறது, நான் அவற்றைத் துப்புரவு செய்கிறேன் என்பது அவர் வாதம். தீ வைத்துவிட்டு ஊரைக் கூட்டிப் பெருக்கினேன் என்பவனின் வாதம். ஆனாலும் அவர் நுழைந்த வழி உண்மையானது. மோடம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. தூரத்திலிருந்து பராமரிக்கும் கதவு வெளியுலகுக்குத் திறந்தே கிடந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் சந்தாதாரர்களுக்குச் சொன்னது மோடம்கள் போன பிறகு.

சரி, அப்படியானால் வந்ததையெல்லாம் வந்த அன்றே ஏற்றிவிடலாமா என்றால் அதுவும் இல்லை. 2018 ஜனவரியில் இன்டெல் தன் செயலிகளின் பாதுகாப்புக் குறையை அடைக்க வெளியிட்ட நுண்நிரல், பல பெட்டிகளைக் காரணமின்றி மீண்டும் மீண்டும் தொடங்க வைத்தது. அம்மாதம் 22-ஆம் தேதி, ஏற்ற வேண்டாம், நிறுத்துங்கள் என்று இன்டெல்லே சொல்ல நேர்ந்தது. அவசரப்பட்டு முதல் வாரத்தில் ஏற்றியவர்களே அவதிப்பட்டார்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோப்பினால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதும், நம் விமான நிலையங்களில் பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்ததும் நினைவிருக்கும். அது நிலைபொருள் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் தரவுக் கோப்பு. ஆனால் பாடம் ஒன்றே. அனுப்பிய ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் விழுந்துவிட்ட பெட்டிகளையோ ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆக, தொடாமலும் இருக்கக்கூடாது, கண்ணை மூடிக்கொண்டு தொடவும் கூடாது. பின் எப்படித் தொடுவது?

நம்மூர்க் கோயில்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. (ஃபர்ம்வேரை முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று இங்கே யாரும் கிளம்பிவிட வேண்டாம், அந்த நோய்க்கு நாம் மருந்து தருவதில்லை.) பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் திருப்பணி செய்யும்போது, கருவறையை நேரே இடித்துப் பூசத் தொடங்குவதில்லை. முதலில் பாலாலயம் செய்கிறார்கள். பழந்தமிழில் இளங்கோயில், திருமீயச்சூரில் அந்தப் பெயரிலேயே ஒரு பாடல்பெற்ற தலம் உண்டு. மூலவரின் ஆற்றலைக் குடத்து நீரிலோ, அத்திப் பலகையில் வரைந்த உருவிலோ ஆவாகனம் செய்து, வளாகத்தில் வேறோர் இடத்தில் சிறு சன்னிதி அமைத்து, அங்கே பூஜை தடையின்றி நடக்கத் தொடங்கிய பிறகே மூலக் கோயிலில் உளி விழும். பணி ஆறு மாதத்தில் முடியலாம், பணமில்லாமல் ஆறு ஆண்டு இழுக்கலாம். ஒருவேளைப் பூஜையும் நிற்காது. முடிந்ததும் யாகசாலை, குடமுழுக்கு. அதோடும் விடுவதில்லை. 48 நாள் மண்டலாபிஷேகம் என்று தொடர்ந்து கவனிக்கிறார்கள். நம்பிக்கையாளர் இதற்குச் சொல்லும் பொருள் வேறு. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் இதில் மூன்று விதிகள் தெரிகின்றன. உயிர் வேறிடத்தில் நிலைபெற்றபின் பழையதைத் தொடு. வேலை நடக்கும்போதும் சேவை நடக்கட்டும். முடிந்தது என்று அறிவித்த பிறகும் கண் எடுக்காதே.

விதியின் முதல் பாதி மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. என் சரித்திரத்தில் உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போன கதையைச் சொல்கிறார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம், ஆகமம் அப்படித்தான் சொல்கிறது என்று அவருக்குப் பதில் கிடைக்கிறது. பழைய ஏட்டைப் புதிதாகப் படியெடுத்துக்கொண்டு பிறகு பழையதைத் தீக்குக் கொடுப்பதே ஆதி வழக்கம் என்றும், பின்வந்தவர்கள் படியெடுப்பதை மறந்துவிட்டு எரிப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்றும் ஐயர் மனம் வெதும்புகிறார். எந்தெந்த நூல்கள் அங்கே போயின என்று இனி யாரும் சொல்ல முடியாது. சர்வர்களின் கையேடுகளை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு இந்தப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பின்பிரதி எடுத்துக்கொள்க என்று முதல் வரி இருக்கும். அழித்து எழுதுக என்று ஐந்தாம் வரி இருக்கும். கணக்கு எழுதுபவர், நேரமில்லாத மாலையொன்றில், ஐந்தாம் வரியிலிருந்து தொடங்குவார்.

நல்ல வடிவமைப்பு அவருடைய மறதிக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. இரண்டு சில்லுகளை வைத்து, ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழும் தாய்ப்பலகைகளை ஜிகாபைட் போன்றவர்கள் வீட்டுக் கணினிகளுக்கே விற்றிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2016-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், ஓடும் பிரதியைத் தொடாமல் பக்கத்து அறையில் புதியதை எழுதி, அது சரியாக எழுந்தால் மட்டுமே அங்கே குடிபுகும் ஏற்பாடு உண்டு. எழாவிட்டால் பழைய அறைக்கே திரும்பிவிடும். அச்சான இளங்கோயில். இருந்தும் விலை குறைந்த பெட்டிகளில் ஒற்றைச் சில்லு, ஒற்றைப் பிரதி. சில்லின் விலை பெட்டியின் விலையில் தூசு. அதை மிச்சம்பிடிப்பவர்கள் விற்பனைக்குப் பிந்தைய இழப்பை யார் தலையிலோ கட்டுகிறார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில் ஹெச்பி, தன் புரோலயன்ட் சர்வர்களுக்கான நிலைபொருள் திருத்தங்கள் இனி உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ நடப்பில் உள்ளவர்களுக்கே என்று அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும், மேலாண்மைச் சில்லுக்கும் கட்டுப்படுத்திகளுக்கும் உரியவை இலவசமாகவே தொடரும் என்று விளக்கம் சொன்னது. விளக்கம் இருக்கட்டும். நிலைபொருளில் உள்ள பிழை வாங்கியவன் செய்ததல்ல. தான் செய்த பிழைக்கான திருத்தத்தைப் பூட்டி வைத்து, சாவிக்கு ஆண்டுச் சந்தா கேட்பது வியாபாரமாக இருக்கலாம், நியாயமாக இல்லை. இது பெருநகர வங்கிகளைத் தொடாது, அவற்றிடம் ஒப்பந்தம் இருக்கிறது. மூன்றாம் கைக்கு வந்த பெட்டியோடு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் தொடும். அவர் பிறகு எங்கிருந்தோ, யாரோ பதிவேற்றிய கோப்பைத் தேடி எடுக்கிறார். அது மூலபாடமா, இடைச்செருகல் கலந்ததா என்று பார்க்க அவரிடம் ஒப்பிட மூலச்சுவடி இல்லை. தயாரிப்பாளர் வெளியிடும் சரிபார்ப்பு எண்ணோடு தன் கோப்பின் எண்ணை ஒப்பிடுவது இரண்டு நிமிட வேலை. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் முழுதும் மாறிவிடும். பாடபேதம் காண இத்தனை எளிய வழி ஐயருக்குக் கிடைத்திருக்கவில்லை. ஆனால் அந்த எண்ணும் சந்தாவுக்குப் பின்னால் இருந்தால் என்ன செய்வது?

செங்கல்லான பெட்டியை மீட்பது பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு நற்செய்தி உண்டு. போர்டு டெட் என்று கடையில் சொன்னதும் பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் இறந்திருப்பது போர்டு அல்ல, அதிலுள்ள எட்டுக் கால் சில்லு ஒன்றின் உள்ளடக்கம் மட்டுமே. சில போர்டுகளில் குறிப்பிட்ட பெயரில் கோப்பை யூ.எஸ்.பி.யில் வைத்து, குறிப்பிட்ட விசையை அழுத்திக்கொண்டு எழுப்பினால் தானே மீண்டும் எழுதிக்கொள்ளும். சிலவற்றில் ஒரு ஜம்பரை இடம் மாற்றினால் போதும். சர்வர்களில் மேலாண்மைச் சில்லு உயிரோடு இருந்தால் அதன் வழியாகவே தாய்ப்பலகையின் நிலைபொருளை ஏற்றலாம். எதுவும் முடியாவிட்டால், துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற ஒன்றை அந்த எட்டுக் கால்களின் மேல் கவ்வவிட்டு, சில நூறு ரூபாய் விலையுள்ள எழுதுகருவியால் வெளியிலிருந்தே எழுதலாம். திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழி மின்ரயிலில் 85 கிலோமீட்டர் வந்து, சென்னை ரிச்சி தெருவில் இறங்கிக் கேட்டால் செய்துகொடுக்கக் கூடிய வேலைதான். ஒரே நிபந்தனை, எழுத வேண்டிய நல்ல பிரதி கையில் இருக்க வேண்டும். பழைய பதிப்பின் கோப்பைப் புதுப்பிக்கும் முன்பே எடுத்து வைத்தவர் அங்கே ராஜா.

பழையதற்குத் திரும்புவது எப்போதும் முடியும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாதுகாப்புக் குறையுள்ள பதிப்புக்குத் திரும்பாதபடி சில புதிய பதிப்புகள் கதவைத் தாழிட்டுவிடுகின்றன. அதற்கு நியாயமான காரணமுண்டு. திருடனும் அதே கதவால்தான் திரும்புவான். அப்படிப்பட்ட பதிப்பு எது என்பது வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரியாக இருக்கும். குறியாக்கம் செய்த வட்டாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. நிலைபொருள் மாறியதும் பெட்டி தன்னையே அடையாளம் காணாமல் மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியை அதே வட்டில் சேமித்து வைத்திருக்கிறவர்களை என்ன சொல்வது! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர்கள்.

மீட்பின் உச்சம் என்று ஒன்றைச் சொல்லலாம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. தரவுகளைத் தொகுக்கும் கணினியில் ஒரு சில்லு பழுது. நினைவகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு போய்விட்டது. துணைக்கு இருந்த மாற்றுக் கணினியோ 1981-லேயே செயலிழந்தது. இளங்கோயிலும் இல்லை, கருவறையும் இடிந்தது. 2400 கோடி கிலோமீட்டர் தூரம். ஒரு கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மீண்டும் அத்தனை நேரம். கெட்ட இடத்தில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, மீதியுள்ள நினைவகத்தின் சந்துபொந்துகளில் இடம் கண்டு, துண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளையெல்லாம் திருத்தி, 2024 ஏப்ரல் 18-ஆம் தேதி அனுப்பினார்கள். இருபதாம் தேதி அது ஒழுங்காகப் பேசியது. இதை மேதைமை என்கிறார்கள். நமக்கு அதற்குக் கீழே இருக்கும் வேறொன்று கண்ணில் படுகிறது. நாற்பத்தாறு ஆண்டுக்கு முந்தைய பெட்டியின் நினைவகத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்ற தாள்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

நம் தாலுகா ஊர்ப் பெட்டிகளுக்கு நாம் கேட்பதும் அப்படி ஒரு தாள்தான். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கயிற்றில் கோத்து அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே தொங்கவிடலாம். எந்தச் சில்லில் எந்தப் பதிப்பு, எப்போது ஏற்றியது, பழைய கோப்பு எந்தப் பென்டிரைவில், வட்டுக் கூட்டின் அமைப்பு என்ன, மீட்புச் சாவி யாரிடம் என்பதைப் பேனாவால் எழுதி வைத்தால் போதும். கணக்கு எழுதுபவர் வேலையை விட்டுப் போகும்போது அந்த நோட்டாவது இருக்கும்.

நாள் குறிப்பதும் முக்கியம். ஆடிக் கிருத்திகை வாரத்தில் விடுதிக்காரர் தன் பெட்டியைத் தொடக்கூடாது. தேர்வு முடிவு வரும் வாரத்தில் பள்ளியும், மார்ச் கடைசியில் யாருமே. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, ஞாயிறு பழுதுபார்ப்பவர் கிடைக்கமாட்டார் என்பதால், எந்தப் பஞ்சாங்கத்திலும் இராகுகாலம்தான். யூ.பி.எஸ். பேட்டரியை முந்தின நாளே சோதித்துவிட்டு, பெட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால் குறைந்த முக்கியத்துவம் உள்ளதில் முதலில் ஏற்றி, ஒரு வாரம் பார்த்துவிட்டு, ரிச்சி தெருக் கடைகள் திறந்திருக்கும் வேலைநாள் ஒன்றின் காலை பத்து மணிக்குத் தொடங்கலாம். செவ்வாய்க்கிழமை வேண்டுமா என்று சிலர் தயங்குவார்கள். முருகன் ஊரில் செவ்வாய்க்கு என்ன குறை?